வெம்பிளியில் ஒரு வீராசாமி

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில் நகரியைத் தாண்டி, புத்தூரைத் தாண்டிப் போனால் வருகிறது வடமாலபேட்டை. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டம். பக்கத்து அப்பலாயகுண்டாவில் பிரசன்ன வேங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது, ஆனி மாத வாக்கில் பிரம்மோற்சவம் நடக்கிறது. ஆனாலும் எங்கள் ஊரைத் தேடி வருகிறவர்களைவிடக் கடந்து போகிறவர்களே அதிகம். கடந்து போகிறவர்களுக்குப் பசிக்கும். அந்தப் பசியை நம்பிப் பிழைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

அப்பா நடத்தியது சாலையோரச் சாப்பாட்டுக் கடை. புரட்டாசியில் சென்னையிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் மஞ்சள் வேட்டி கட்டி நடந்தே மலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல், தனி அடுப்பு. லாரிக்காரர்களுக்குக் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிப் புலுசும். சென்னைக் குடும்பம் உட்கார்ந்ததும் சாம்பார் கேட்கும். கடப்பா பக்கத்துக் குடும்பம் பப்பு கேட்கும். இரண்டும் இருக்கும். ஆனால் கோங்கூராத் துவையலின் காரத்தை மட்டும் அப்பா யாருக்காகவும் குறைத்ததில்லை. "அவன் வீட்டு ருசி அவன் வீட்டுலயே இருக்குடா. இங்க வந்தவனுக்கு நம்ம ருசியத்தான் காட்டணும்" என்பார்.

முன்பின் அறியாதவர்கள் எதிரில் நம் சாப்பாட்டை எப்படி வைப்பது என்ற கேள்வி எனக்கு அந்தக் கடையிலிருந்து வந்தது. அதனால்தான் லண்டன் போகும் வாய்ப்பு கிடைத்தபோது கோபுரக் கடிகாரத்தையும் அரண்மனையையும் பார்ப்பதற்கு முன்னால் வெம்பிளியைப் பார்க்க ஆசைப்பட்டேன். 1924இல் அங்கே நடந்த உலகப் பொருட்காட்சியில், மசாலாவும் ஊறுகாயும் விற்றுக்கொண்டிருந்த ஒரு சின்ன நிறுவனம் இந்தியச் சாப்பாட்டையே காட்சிப்பொருளாக வைத்தது. அந்த நிறுவனத்தின் பெயர் ஈ. பி. வீராசாமி அண்ட் கம்பெனி. தாத்தாக்களில் ஒரு வீராசாமியாவது இல்லாத தெரு எங்கள் பக்கம் கிடையாது. சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் போகிற மாதிரிதான் கிளம்பினேன்.

என் அக்கா மகள் வெம்பிளியில்தான் குடியிருக்கிறாள். "மாமா, இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஃபிளாட்டும் ஸ்டேடியமும்தான்" என்றாள். பேக்கர் ஸ்ட்ரீட்டில் மெட்ரோபாலிட்டன் ரயில் ஏறினால் இடையில் ஒரே ஒரு நிறுத்தம், அடுத்தது வெம்பிளி பார்க். வெளியே வந்ததும் அகலமான நடைபாதை நேராகக் கால்பந்து அரங்கத்துக்கு இட்டுச் செல்கிறது. 1948 ஒலிம்பிக்குக்காகப் போட்ட பாதை. போட்டவர்கள் ஜெர்மானியப் போர்க் கைதிகள். இரண்டு பக்கமும் கண்ணாடியும் செங்கல்லுமாக அடுக்குமாடிகள், கடைகள், காப்பி குடிக்கும் இளைஞர்கள். எதிரே 2007இல் திறந்த புதிய அரங்கம் தன் வளைவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பழைய அரங்கம் பொருட்காட்சிக்காகவே கட்டப்பட்டது. அதன் இரட்டைக் கோபுரங்களை 2003இல் இடித்துவிட்டார்கள். கடைசியாக மிஞ்சியிருந்த தொழில் மாளிகையும் 2013இல் போய்விட்டது. அதன் சுவரிலிருந்த கான்கிரீட் சிங்கத்தலை ஒன்றை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அக்கா மகள் சொன்னது ஏறக்குறைய சரிதான்.

ஆனால் இங்கே என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு நடந்தால் இந்த மண் வேறு மாதிரித் தெரிகிறது. 1924 ஏப்ரல் 23 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்காட்சியை இங்கே திறந்துவைத்தார். அவர் பேச்சு வானொலியில் ஒலிபரப்பானது. ஒரு பிரிட்டிஷ் மன்னரின் குரலை மக்கள் வீட்டிலிருந்தே கேட்டது அதுதான் முதல் தடவை. பிரிட்டன் முதன்முதலாக ஒரு நிகழ்ச்சிக்கென்று சிறப்புத் தபால்தலை வெளியிட்டதும் இதற்காகத்தான். 216 ஏக்கர் பரப்பு. நுழைவுக் கட்டணம் ஒன்றரை ஷில்லிங். இரண்டு பருவங்களில், 1924லும் 1925லும், 2 கோடியே 70 லட்சம் பேர் வந்து போனார்கள். கனடா நாட்டு அரங்கில் வேல்ஸ் இளவரசரை வெண்ணெயில் வடித்து வைத்திருந்தார்கள். இலங்கை அரங்கு கண்டி தலதா மாளிகையின் சாயலில் இருந்தது. இந்திய அரங்கு செயற்கை ஏரிக்கரையில், தாஜ் மகாலையும் ஜும்மா மசூதியையும் நினைவூட்டும் வெள்ளைக் குவிமாடங்களும் மினார்களுமாக, தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த ஏரியைத் தூர்த்த இடத்தில்தான் 1934இல் நீச்சல் அரங்கம் கட்டினார்கள். இன்று அது இசைக் கச்சேரிகள் நடக்கும் வெம்பிளி அரீனா.

வில்ஸ்டன் கிரீன் நூலகத்தில் பிரென்ட் வட்டார அருங்காட்சியகம் இருக்கிறது. பொருட்காட்சியின் நினைவுப் பொருள்களை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்திய அரங்கின் அஞ்சலட்டைப் படத்தில் குவிமாடங்கள் பாலில் தோய்த்தெடுத்ததுபோல் வெளுத்திருக்கின்றன. முன்னால் தொப்பி வைத்த ஆண்களும் குடை பிடித்த பெண்களும் கூட்டமாக நிற்கிறார்கள். நான் அந்தப் படத்தில் கட்டடத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வந்தவர்களின் நிற்கும் தோரணையைத்தான் பார்த்தேன். கைகட்டி, எட்டி நின்று, வேடிக்கை பார்க்கும் தோரணை.

உலகப் பொருட்காட்சிகளில் நம்மவர்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். 1886இல் லண்டன் தெற்குக் கென்சிங்டனில் நடந்த காலனி இந்தியப் பொருட்காட்சிக்கு ஆக்ராவிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட கைவினைஞர்களைக் கூட்டிப்போய், அரண்மனை முற்றம்போல் ஜோடித்த இடத்தில் உட்கார வைத்து நெய்யவும் செதுக்கவும் சொன்னார்கள். அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் பழகியவர்கள். கூட்டிப்போனவரே அந்தச் சிறையின் கண்காணிப்பாளர்தான். பார்வையாளர்களுக்குத் தறியும் ஒன்றுதான், தறியில் இருந்த மனிதனும் ஒன்றுதான். அதிகாரியாகப் போயிருந்த வங்காளத்தைச் சேர்ந்த திரைலோக்கியநாத் முகர்ஜி, தன்னையும் எப்படி உற்று உற்றுப் பார்த்தார்கள் என்பதைத் தன் பயணநூலில் எழுதி வைத்திருக்கிறார். வெம்பிளியிலும் அது மாறிவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்க அரங்கில் தங்கள் மக்களைக் காட்டிய விதத்தை எதிர்த்து லண்டனிலிருந்த ஆப்பிரிக்க மாணவர்கள் கண்டனம் எழுப்பினார்கள்.

இந்தியா அங்கே போவதா வேண்டாமா என்பதிலேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. அதில் இரண்டு தமிழர்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள் என்பதை நம்மில் அதிகம் பேர் பேசுவதில்லை. 1923 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு கென்யாவைப் பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அங்கிருந்த மலைப்பகுதி நிலங்களை வெள்ளையர்களுக்கே ஒதுக்கியது. அங்கே குடியேறியிருந்த இந்தியர்கள் கேட்ட சம உரிமையை மறுத்தது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி மிதவாதி, பேரரசின் நல்லெண்ணத்தை நம்பியவர், ஆங்கிலேயர்களே மெச்சிய ஆங்கிலப் பேச்சாளர். அவரே மனம் கசந்து, வெம்பிளிப் பொருட்காட்சியை இந்தியா புறக்கணிக்க வேண்டும் என்றார். சமமாக நடத்தாத வீட்டில் விருந்துக்குப் போய் அலங்காரமாக உட்காருவது என்ன மரியாதை என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம். அதே நேரத்தில் பொருட்காட்சிக்கு இந்தியாவின் ஆணையராக இருந்து அரங்கை அமைத்தவர் திவான் பகதூர் டி. விஜயராகவாச்சாரியார். நம் சரக்கு உலகச் சந்தைக்குப் போக வேண்டும், அதற்கு இதைவிடப் பெரிய கடைத்தெரு கிடைக்காது என்ற கட்சி அவருடையது.

யார் சரி என்று கேட்டால், மானத்தின் பக்கம் பார்க்கையில் சாஸ்திரியார் சொன்னதுதான் சரி என்பேன். ஆனால் கடைக்காரன் மகனாகிய எனக்கு விஜயராகவாச்சாரியாரின் கணக்கும் புரிகிறது. மாகாணம் மாகாணமாகக் கூடங்கள் பிரித்து, துணி, மரவேலை, பித்தளை, தோல், தேயிலை என்று எல்லாம் போயின. அரங்கம் எழுந்தது, கூட்டம் வந்தது. இரண்டாம் ஆண்டு, 1925இல், இந்திய அரசு கலந்துகொள்ளவில்லை.

இந்தச் சண்டைக்கும் சலவைக்கல் நிறப் பூச்சுக்கும் நடுவில்தான் வீராசாமி கம்பெனி தன் அடுப்பை மூட்டியது. நிறுவனத்தை 1896இல் லண்டனில் தொடங்கியவர் எட்வர்ட் பால்மர். பெயர்தான் வீராசாமி, ஆள் ஆங்கிலோ இந்தியர். அவருடைய கொள்ளுத் தாத்தா ஜெனரல் வில்லியம் பால்மர், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துக் கம்பெனி அதிகாரி. கொள்ளுப் பாட்டி ஃபைஸ் பக்‌ஷ் பேகம், முகலாய உயர்குலப் பெண். அந்தக் குடும்பத்தை உட்கார வைத்து வரைந்த பழைய ஓவியம் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது: நடுவில் ஜெனரல், இருபுறமும் பெண்கள், மடியிலும் காலடியிலும் குழந்தைகள். அவர்களுடைய மகன்களில் ஒருவர் ஹைதராபாத்தில் வங்கி நடத்தி, நிஜாமுக்கே கடன் கொடுத்து, கடைசியில் நொடித்துப் போனார். அந்த வழியில் வந்த எட்வர்ட், லண்டனில் கறிமசாலா, சட்னி, ஊறுகாய், மசாலா விழுது என்று புட்டிகளில் அடைத்து 'நிஜாம்' என்ற முத்திரையில் விற்றுக்கொண்டிருந்தார். இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய வெள்ளைக்காரர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். நாக்கு பழகிவிட்டது, லண்டனில் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம்தான் அவருக்கு முதல்.

இந்தியச் சாப்பாட்டை லண்டனில் விற்க முயன்றவர்களில் பால்மர் முதல் ஆள் இல்லை. பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1810இலேயே ஜார்ஜ் தெருவில் 'ஹிந்துஸ்தானி காப்பி ஹவுஸ்' திறந்தார். 1812இல் திவாலானார். இந்தியாவிலிருந்து திரும்பிய பணக்காரர்கள் தங்கள் வீட்டுச் சமையலறையிலேயே கறி சமைக்க ஆள் வைத்திருந்தார்கள். கடைக்கு வர வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. மற்றவர்களுக்கோ அந்தச் சாப்பாடு என்னவென்றே தெரியாது. நூறாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கப்பல் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் என்று சிறு சிறு கடைகள் இருந்தன, அவ்வளவுதான். சாதாரண ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று விடுமுறை நாளில் பிள்ளைகுட்டிகளோடு வந்து இந்தியச் சாப்பாட்டின் முன் உட்காருவதற்கு ஓர் இடம் இல்லை.

பொருட்காட்சி முழுவதற்கும் சாப்பாட்டு ஒப்பந்தம் ஜே. லயன்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. லண்டனில் தெருவுக்குத் தெரு தேநீர்க் கடை வைத்திருந்த ராட்சச நிறுவனம் அது. அப்படிப்பட்ட மைதானத்தில், இந்திய அரங்கின் உணவு ஆலோசகராக வந்து, 'முகல் பேலஸ்' உணவகத்துக்குப் பொறுப்பேற்றார் பால்மர். ஊறுகாய் விற்கிற ஒருவர் செய்யக்கூடிய பத்திரமான காரியம், புட்டிகளை வரிசையாக அடுக்கி ஒரு கண்ணாடி அலமாரி வைப்பது. அதைத்தான் எல்லோரும் செய்தார்கள். பொருட்காட்சி என்றாலே அலமாரிதானே. அவர் இலை போட்டார்.

சாப்பாட்டுக் கடை நடத்தியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். துணியை ஒருவன் எட்டி நின்று பார்த்துவிட்டுப் போகலாம். யானைத்தந்தப் பெட்டியைப் பாராட்டிவிட்டு மறந்துவிடலாம். சாப்பிட வேண்டுமானால் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாக வேண்டும். பரிமாறுகிறவனிடம் இது என்ன, இதை எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்று கேட்டாக வேண்டும். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் அங்கே கற்றுக்கொள்கிறவன் ஆகிறான். உப்பு கூடினால், காரம் ஏறினால், அரிசி குழைந்தால் அந்த நிமிடமே முகத்தில் தெரிந்துவிடும். அலமாரிக்குள் இருக்கும் பொருளுக்கு அந்த ஆபத்து இல்லை. காலையில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் உலை வைக்க வேண்டும். பிரம்மோற்சவக் கூட்டத்துக்குச் சமைத்துப் பழகிய எனக்கே, 1924இல் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பேர் கடந்துபோன ஒரு மைதானத்தின் நடுவில் உலை வைப்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அந்தத் துணிச்சலுக்காகவே பால்மர் மேல் எனக்கு மதிப்பு.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். உணவகத்தின் பெயர் முகலாய அரண்மனை. சமையல் நிபுணர் என்று முன்னால் நின்றவர் பால்மர். அடுப்படியில் நின்று கையைச் சுட்டுக்கொண்டவர்கள் யார்? எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள்? லண்டன் குளிரில் எங்கே படுத்தார்கள்? வரலாறு வேல்ஸ் இளவரசரின் வெண்ணெய்ச் சிலையை நினைவில் வைத்திருக்கிறது, இந்தச் சமையல்காரர்களின் பெயர்களை வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் கடையில் முப்பது வருடம் அடுப்படி பார்த்த பெரியம்மாவின் பெயரும் கடைப் பலகையில் இருந்ததில்லை. ஆனால் சாப்பிட வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, புலுசு பாகுந்தி" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வார்த்தையாவது வெம்பிளிச் சமையல்காரர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பொருட்காட்சி 1925 அக்டோபரில் நஷ்டத்தோடு முடிந்தது. வெள்ளைக் குவிமாடங்கள் தரைமட்டமாயின. மற்ற அரங்குக்காரர்கள் மூட்டை கட்டியபோது பால்மர் மட்டும் தன் அடுப்பை நகரத்தின் நடுவுக்குக் கொண்டுபோனார். 1926 ஏப்ரலில், ரீஜன்ட் தெரு 99ஆம் எண் விக்டரி ஹவுஸ் கட்டடத்தின் மாடியில், 'வீராசாமி' உணவகம் திறந்தது.

அங்கே போவதற்கு முன் வெம்பிளியில் இன்னொரு தெருவையும் பார்த்துவிட வேண்டும். அரங்கத்துக்குத் தென்மேற்கே, ஈலிங் ரோடு. குஜராத்திகளின் நகைக்கடை, இனிப்புக்கடை, புடவைக்கடை. நடுவில் 2010இல் திறந்த சனாதன் கோயில், முழுக்கச் செதுக்கிய சுண்ணாம்புக்கல். அல்பெர்ட்டன் பக்கம் ஈழத்தமிழர்களின் ஈழபதீஸ்வரர் ஆலயம். மளிகைக் கடை வாசலில் முருங்கைக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலைக் கட்டு, மரவள்ளிக் கிழங்கு, யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள் பொட்டலம். கொத்துரொட்டி வெட்டும் தகரச் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. கடைக்காரர், "எங்கையிருந்து வாறியள் அண்ணை?" என்று கேட்டார். திருப்பதிக்குப் பக்கத்தில் என்றேன். "அப்ப தினமும் மலையைப் பாத்துக்கொண்டு இருப்பியள்" என்று சொல்லிவிட்டு, ஒரு தேநீர் ஊற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. பேரரசு தன் குடிமக்களைக் காட்சிக்கு வைத்த இடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், அதே மக்களின் பேரப்பிள்ளைகள் சொந்தமாகக் கடை போட்டு, சொந்தப் பெயரில் பலகை மாட்டி, காரத்தைக் குறைக்காமல் விற்கிறார்கள். இந்தத் தெரு எனக்கு இந்திய அரங்கின் அத்தனை குவிமாடங்களைவிடவும் பெரிதாகத் தெரிந்தது. மன்னர் திறந்துவைக்காத பொருட்காட்சி இது. போரில் வீடிழந்து வந்தவர்களும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களும் அடுக்கி வைத்தது. கென்யா இந்தியர்களுக்காகச் சாஸ்திரியார் 1923இல் கோபப்பட்டாரே, அந்த மண்ணிலிருந்து வந்த குடும்பங்களும் இங்கே இருக்கின்றன.

வெம்பிளி சென்ட்ரலில் பேக்கர்லூ ரயில் ஏறினால் மாறாமல் பிக்கடில்லி சர்க்கஸில் இறங்கலாம். அங்கிருந்து சில நிமிட நடை. 'வீராசாமி'யின் வாசல் பெரிய தெருவில் இல்லை, பின்பக்கம் ஸ்வாலோ தெருவில் இருக்கிறது. மாடிக்குப் போனால் வண்ணக் கண்ணாடி விளக்குகள், பட்டு விரித்த இருக்கைகள், ஜன்னலுக்கு வெளியே ரீஜன்ட் தெருவின் அந்தப் புகழ்பெற்ற வளைவு. கீழே சிவப்புப் பேருந்துகள் போய்க்கொண்டிருக்கின்றன. பக்கத்து மேசையில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி ராஜ் கசோரியைக் கரண்டியால் உடைத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் சரியாகவே இருந்தது.

பால்மர் பல வருடம் நடத்தவில்லை. 1936இல் அவர் வீராசாமி என்ற பெயரிலேயே ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார்; அதற்குள் உணவகம் வில்லியம் ஸ்டூவர்ட் என்பவர் கைக்குப் போயிருந்தது. ஸ்டூவர்ட் பிறகு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அவர் காலத்தில் மன்னர்களும் நடிகர்களும் வந்து போன இடமாக அது மாறியது. டென்மார்க் இளவரசர் ஆக்செல் இங்கே சாப்பிட்டு மகிழ்ந்து, வருடா வருடம் ஒரு பீப்பாய் கார்ல்ஸ்பெர்க் பீர் அனுப்பினார், பிரிட்டனில் கறியோடு பீர் குடிக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையைவிட முக்கியமாகப் பட்டது வேறு: இங்கே பரிமாறியும் சமைத்தும் பழகியவர்கள் பலர் பிறகு பிரிட்டனின் மற்ற ஊர்களுக்குப் போய்த் தங்கள் சொந்தக் கடைகளைத் திறந்தார்கள். பெயர் பதியப்படாத அந்தக் கைகள்தான் தொழிலைப் பரப்பின. 1990களின் பிற்பாதியில் இந்தியக் குடும்பம் ஒன்று உணவகத்தை வாங்கிச் சீர்படுத்தியது. 2016இல் அதற்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது.

நான் கேட்டு வாங்கியது மலபார் பாணியில் தேங்காய்ப்பாலில் செய்த கடல் இறால் குழம்பு. கறிவேப்பிலையும் இஞ்சியும் தனித்தனியாக நாக்கில் தெரிந்தன. காரம் எங்கள் வீட்டு அளவுக்கு இல்லை. ஆனால் பயந்து குறைத்த காரமும் இல்லை. விலை எங்கள் கடையின் ஒரு நாள் வியாபாரத்துக்குச் சமம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த விலை கொடுக்க லண்டன்காரர்கள் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்தியச் சாப்பாடு என்றால் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பை 1926லேயே ஏற்றுக்கொள்ளாத கடை இது.

இப்போது அந்தக் கடைக்கே ஆபத்து வந்திருக்கிறது. கட்டடம் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தம். மன்னரின் பெயரில் இருக்கும் சொத்துகளை நிர்வகிக்கும் அமைப்பு அது. 2025 ஜூனில் குத்தகை முடிந்தது. கட்டடத்தைப் புதுப்பித்து மேல் மாடி அலுவலகங்களுக்கு வாசலை விரிவாக்க வேண்டும், அதனால் குத்தகையை நீட்டிக்க முடியாது என்றது கிரவுன் எஸ்டேட். நடத்துகிறவர்கள் சட்டத்தின் துணையை நாடினார்கள். சமையல் கலைஞர்கள் பலர் ஆதரவாகப் பேசினார்கள்.

கடையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது எத்தனையோ சாப்பாட்டுக் கடைகளுக்கு இதே யோசனையைத்தான் சொன்னார்கள். சுங்கச்சாவடி வந்தது, வண்டிகள் நிற்காமல் பறந்தன, இடம் மாறிய கடைகளில் பல மறுபடி எழவில்லை. கடை என்பது நான்கு சுவருக்குள் இருக்கும் அடுப்பு மட்டும் இல்லை. அந்த வளைவில், அந்தப் படியேறி வந்தால் இந்த ருசி கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கால்களுக்குப் பழகியிருக்கும் வழியும் கடையின் சொத்துதான். பேரரசுப் பொருட்காட்சியில் கூடிய அத்தனை சரக்கிலும் லண்டன் நடுவில் உயிரோடு மிஞ்சியிருப்பது இந்த ஒரு மாடிதான் என்று நினைக்கிறேன். மன்னர் ஒருவர் திறந்துவைத்த பொருட்காட்சியில் பிறந்த கடையை, இன்னொரு மன்னரின் பெயரிலிருக்கும் அமைப்பே ஒரு வாசலுக்காக வெளியேற்றுவது நியாயம் இல்லை.

லண்டனுக்குப் போகும் தமிழர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெம்பிளிக்கு ஆட்டம் பார்க்கப் போனால், ஈலிங் ரோட்டில் ஒரு கொத்துரொட்டியாவது சாப்பிட்டு, கடைக்காரரிடம் அவர் கதையைக் கேளுங்கள். கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் பிக்கடில்லியில் இறங்கி வீராசாமியில் ஒரு வேளை சாப்பிடுங்கள். பில்லோடு சேர்த்து, சமைத்தவர் பெயரையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். மாலையில் இடம் கிடைப்பது கடினம், மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வாசல் ஸ்வாலோ தெருவில்.